விர்பாவும் வெட்ஸ்லரும் தப்பி வந்து புதிதாக என்ன சொன்னார்கள்?

வாசகர் கேள்வி, 14.01.2024

நாஜிகள் யூதர்களை அழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நேச நாடுகள் 1942 டிசம்பர் 17 அன்றே கூட்டறிக்கை வெளியிட்டுவிட்டன. போலந்து எதிர்ப்பியக்கத்தின் தூதர் யான் கார்ஸ்கி 1943 ஜூலையில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டையே நேரில் சந்தித்துப் பேசினார். அப்படியிருக்க, 1944 ஏப்ரலில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து தப்பிய விர்பா, வெட்ஸ்லர் என்ற இரண்டு இளைஞர்கள் உலகுக்கு உண்மையை அறிவித்தார்கள் என்று சொல்வது மிகை இல்லையா? தெரிந்ததைத்தானே திரும்பச் சொன்னார்கள்?

14.01.2024, இரவு

இல்லை. அந்தக் கூட்டறிக்கையை எடுத்துப் படித்துப் பாருங்கள். யூதர்கள் போலந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அழிக்கப்படுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. ஆஷ்விட்ஸ் என்ற பெயர் இல்லை. போலந்து எதிர்ப்பியக்கத்தின் வழியாக அந்த முகாமைப் பற்றிய தகவல்கள் முன்பே வெளியே வந்திருந்தன. வித்தோல்ட் பிலெட்ஸ்கி 1943 ஏப்ரலில் தப்பினார், யெர்ஸி தபெவ் அதே ஆண்டு நவம்பரில் தப்பினார், இருவருமே எழுதிக் கொடுத்தார்கள். ஆனாலும் 1944 வசந்த காலத்தில், ஸ்லோவாக்கியாவிலும் ஹங்கேரியிலும் இருந்த சாதாரண யூதக் குடும்பம் ஒன்றுக்கு, ரயிலேற்றப்பட்ட தன் உறவினர்கள் "கிழக்கே எங்கோ வேலைக்குப் போயிருக்கிறார்கள்" என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் தெரியாது.

இந்த இருவரும் கொண்டுவந்தது வெறும் செய்தி என்றால் நீங்கள் சொல்வது சரியாக இருக்கும். அவர்கள் கொண்டுவந்தது கணக்கு. எந்த ஊரிலிருந்து எந்த மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேருக்குக் கைதி எண் பச்சை குத்தப்பட்டது, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று வரிசையாக இருந்தது. ரூடோல்ஃப் விர்பாவின் இயற்பெயர் வால்டர் ரோசன்பெர்க், கைதி எண் 44070. 1942 ஜூன் 30 அன்று ஆஷ்விட்ஸுக்கு வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. ரயில்கள் வந்து நிற்கும் மேடையில், வந்தவர்களின் மூட்டை முடிச்சுகளை இறக்கும் குழுவில் சுமார் பத்து மாதங்கள் வேலை பார்த்தார். ஒவ்வொரு ரயிலையும் அவர் மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு ஆஷ்விட்ஸின் பகுதியான பிர்கெனாவ் முகாமின் தனிமைப்படுத்தல் பிரிவில் பதிவெழுத்தர் ஆனார். ஆல்ஃபிரட் வெட்ஸ்லர், எண் 29162, அவரைவிட ஆறு வயது மூத்தவர். பிணவறையிலும் பிறகு குடில் பதிவேட்டிலும் எழுத்தர். கொலைக்கூடத்தின் கணக்குப் பிள்ளைகளாக இருந்த இருவர் கணக்கைத் தலையில் சுமந்துகொண்டு வெளியே வந்தார்கள். அதுவரை யாரும் அந்த முறையில் சொல்லியிருக்கவில்லை.

15.01.2024

தப்பும்போது முகாம் பரப்புக்குள்ளேயே மூன்று நாள் ஏன் ஒளிந்திருந்தார்கள், அன்று இரவே ஓடியிருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முகாமின் காவல் முறையைப் புரிந்துகொண்டால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

காவல் இரண்டு வளையங்களாக இருந்தது. கைதிகள் இரவில் அடைக்கப்படும் உள்வளையத்தில் மின்கம்பி வேலி. பகலில் அவர்கள் வேலை செய்யும் பெரும்பரப்பைச் சுற்றி வெளிவளையம். மாலையில் எண்ணிக்கை சரியாக இருந்தால் வெளிவளையக் காவலர்கள் திரும்பிவிடுவார்கள். ஆள் குறைந்தால் மட்டும் மூன்று பகல், மூன்று இரவு அங்கேயே நிற்பார்கள். அதற்குள் பிடிபடாதவன் எல்லையைத் தாண்டிவிட்டான் என்று கருதி விலக்கிக்கொள்வார்கள். ஆகவே இரண்டு வளையங்களுக்கும் நடுவில் எழுபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் கண்டுபிடிக்கப்படாமல் இருக்க முடிந்தால், வெளியே காவலே இல்லாத ஒரு இரவு கிடைக்கும். முகாமைக் காவல் காத்த நாஜிகளின் எஸ்.எஸ். படையின் ஒழுங்கையே அதற்கு எதிராகத் திருப்பிய திட்டம் இது.

முகாமை விரிவாக்கிக்கொண்டிருந்த பகுதியைக் கைதிகள் "மெக்சிகோ" என்று அழைத்தார்கள். அங்கே பலகைகள் அடுக்கிவைத்திருந்த ஒரு குவியலுக்குள், ஆள் படுக்கும் அளவுக்குக் குழி விடப்பட்டிருந்தது. 1944 ஏப்ரல் 7, வெள்ளிக்கிழமை, யூதர்களின் பாஸ்கா பண்டிகை தொடங்கும் நாள். பிற்பகல் இரண்டு மணியளவில் இருவரும் உள்ளே இறங்க, போலந்துக் கைதிகள் இருவர் மேலே பலகைகளை இழுத்து மூடினார்கள். மூடிய கையோடு சுற்றிலும் ரஷ்யப் புகையிலைத் தூளைத் தூவினார்கள். பெட்ரோலில் ஊறவைத்து உலர்த்திய அந்தத் தூளுக்கு நாயின் மோப்பம் கெட்டுவிடும். அதைச் சொல்லிக் கொடுத்தவர் திமித்ரி வோல்கோவ் என்ற சோவியத் போர்க்கைதி. கையில் பணம் வைத்துக்கொள்ளாதே, பணம் இருந்தால் கடையைத் தேடி மனிதர்கள் இருக்கும் இடத்துக்குப் போவாய் என்று சொன்னவரும் அவரே.

சைரன் ஒலித்தது; நாய்கள் வந்து திரும்பின. ஒரு கட்டத்தில் இரண்டு பேர் குவியல் மேலேறிப் பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போடத் தொடங்க, வேறெங்கோ கூச்சல் கேட்டு இறங்கி ஓடிவிட்டார்கள். ஏப்ரல் 10 இரவு, காவல் விலக்கப்பட்ட ஒலியைக் கேட்ட பிறகே இருவரும் வெளியே வந்தார்கள். அப்போதும் மேல்பலகைகளை நகர்த்த முடியாத அளவுக்குக் கை கால்கள் மரத்துப் போயிருந்தன.

ஆஷ்விட்ஸ் அருங்காட்சியகத்தின் கணக்குப்படி 928 பேர் தப்ப முயன்றார்கள். வெற்றி பெற்றவர்கள் 196 பேர்.

18.01.2024

வேலை நிமித்தம் சில ஆண்டுகள் வடக்கு ஸ்லோவாக்கியாவில் இருந்தேன். சாட்சாவிலிருந்து ஸ்காலிட்டே வழியாகப் போலந்தின் ஸ்வார்தோன் வரை சிறிய ரயில் ஒன்று ஓடுகிறது. இருபுறமும் அடர்ந்த ஊசியிலைக் காடு. விர்பாவும் வெட்ஸ்லரும் ஏப்ரல் 21 அன்று எல்லை கடந்த இடம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு ஏப்ரல் மாதம் அங்கே மலைச்சரிவில் நடந்தபோது, மரநிழலில் பனி இன்னும் கரையாமல் கிடந்தது. பாதை என்று பார்த்து நடந்தும் சேற்றில் கால் புதைந்தது. எனக்குப் பகல் வெளிச்சமும் நல்ல காலணியும் கைபேசியில் வரைபடமும் இருந்தன. அவர்கள் இரவில் மட்டும் நடந்தார்கள்.

வரைபடம் என்று அவர்களிடம் இருந்தது விர்பாவின் நினைவு மட்டும். கொல்லப்பட்டவர்களின் பொருள்களைப் பிரித்து அடுக்கும் "கனடா" கிடங்கில் ஒரு குழந்தையின் நிலப்படப் புத்தகத்தை அவர் பார்த்திருந்தார். அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, கழிவறையில் வைத்துப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு எறிந்துவிட்டார். சோலா ஆற்றை ஒட்டித் தெற்கே போனால் எந்த ஊர் முதலில், எந்த ஊர் அடுத்து என்ற வரிசை மட்டும் அவரிடம் எஞ்சியது. அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் இருக்கும் ஊருக்குப் போகிறோம் என்று நம்பித்தான் அந்தப் புத்தகத்தை மூட்டையில் வைத்திருக்கும். இந்த வரலாற்றில் என்னால் கடந்துபோக முடியாத இடங்களில் இது ஒன்று.

வழிதவறி பியெல்ஸ்கோ நகருக்குள்ளேயே போய்ச் சேர்ந்து, விடியும் நேரத்தில் ஒரு போலந்துக் குடியானவப் பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். அவர் உள்ளே விட்டார். மலையில் ஜெர்மானிய ரோந்துப் படை சுட்டதில் கையிலிருந்த உணவும் மேலங்கியும் போயின. விர்பாவின் பாதங்கள் வீங்கி, காலணியைக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. கடைசித் தூரத்தை ஒரு போலந்துக்காரர் தந்த துணிச்செருப்போடு நடந்தார். அந்தப் பெண், அந்த மனிதர், பிறகு ஸ்காலிட்டேயில் இடம் கொடுத்த விவசாயி ஒந்த்ரெய் சானெட்ஸ்கி என இவர்களில் யார் காட்டிக் கொடுத்திருந்தாலும் நாம் இன்று பேசுவதற்கு எதுவும் இருந்திருக்காது. ஒளித்து வைப்பதற்குத் தண்டனை என்ன என்று அவர்கள் அனைவருக்கும் தெரியும்.

19.01.2024

ரோசன்பெர்க் எப்படி விர்பா ஆனார் என்று கேட்டவருக்கு: ஸ்லோவாக்கியாவில் தலைமறைவாக வாழக் கொடுக்கப்பட்ட போலி ஆவணங்களில் இருந்த பெயர் அது. போருக்குப் பிறகும் அவர் அதை விடவில்லை.

23.01.2024

சாட்சாவில் பொல்லாக் என்ற யூத மருத்துவரைப் பார்த்தார்கள். மருத்துவர்கள் தேவை என்பதால் நாடுகடத்தலிலிருந்து விலக்களிக்கப்பட்டவர் அவர். அனுப்பப்பட்ட தன் உறவினர்கள் எங்கே என்று அவர் கேட்க, விர்பா இறந்துவிட்டார்கள் என்றார். மருத்துவரின் கைகள் நடுங்கின. அந்தக் கைகளால்தான் விர்பாவின் பாதங்களுக்குக் கட்டுப் போட்டார்.

அடுத்து ஜிலினா. யூதப் பேரவையைச் சேர்ந்த ஓஸ்கர் க்ராஸ்னியான்ஸ்கி இருவரையும் தனித்தனி அறைகளில் வைத்து விசாரித்தார். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டு ஒப்பிக்காமல் இருப்பதற்காக அப்படிச் செய்தார். 1942இல் ஸ்லோவாக்கியாவிலிருந்து அனுப்பப்பட்ட ஏறக்குறைய 58,000 பேரின் பெயர்ப் பட்டியல்கள் பேரவையிடம் இருந்தன. எந்த ரயிலில் யார் இருந்தார்கள் என்று கேட்கக் கேட்க, இவர்கள் சொன்ன பதில்கள் பட்டியலோடு பொருந்தின. கொலைக்கு அனுப்பும்போது எழுதப்பட்ட அதே காகிதங்கள் சாட்சியைச் சரிபார்க்கப் பயன்பட்டன. ஏப்ரல் 27 அளவில், ஜெர்மன் மொழியில் தட்டச்சு செய்யப்பட்ட அறிக்கை தயாரானது. உணர்ச்சியே இல்லாத நடை. முகாமின் வரைபடம், நச்சுவாயு அறைகளும் உலைகளும் அமைந்த கட்டடத்தின் வரைபடம், ரயில் ரயிலாகப் பட்டியல்.

இங்கே எண்களைப் பற்றி எழுதியாக வேண்டும், ஏனெனில் அறிக்கையின் எண்கள் தவறு, ஆகவே அறிக்கையே பொய் என்று ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். 1942 ஏப்ரல் முதல் 1944 ஏப்ரல் வரை பிர்கெனாவில் கொல்லப்பட்ட யூதர்கள் 17,65,000 பேர் என்று அறிக்கை மதிப்பிட்டது. முகாம் இயங்கிய காலம் முழுவதற்கும் இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்பது ஏறக்குறைய 11 லட்சம் மரணங்கள். அவர்களில் பத்து லட்சம் பேர் யூதர்கள். ஆக, அறிக்கையின் மொத்தம் கூடுதல். ஆனால் காகிதமோ பென்சிலோ இல்லாமல், பிடிபட்டால் தூக்கு என்ற நிலையில், இரண்டாண்டு ரயில்களை நினைவில் அடுக்கிய ஒருவரின் கூட்டல் பிசகியது என்பதிலிருந்து கொலை நடக்கவில்லை என்ற முடிவுக்கு யாரும் நேர்மையாக வர முடியாது. டொரொன்டோவில் 1985இல் நடந்த வழக்கில், இன அழிப்பை மறுத்த எர்ன்ஸ்ட் சுண்டலின் வழக்கறிஞர், சாட்சிக் கூண்டில் நின்ற விர்பாவை இதையேதான் கேட்டுக் குடைந்தார். கைதி எண்களும், ரயில் வந்த ஊர்களும், நடைமுறையும் பிற ஆவணங்களோடு பொருந்துகின்றன. அறிக்கையின் வலிமை அங்கே இருக்கிறது.

28.01.2024

"உண்மை தெரிந்திருந்தால் யாரும் ரயிலேறியிருக்க மாட்டார்கள்" என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். விர்பாவும் வாழ்நாள் முழுவதும் இதைத்தான் சொன்னார். ஆனால் அவர் கண்ணெதிரே நடந்த ஒன்று இதற்கு எதிராக நிற்கிறது.

செக் நாட்டில் நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த தெரேசியென்ஷ்டாட்டிலிருந்து 1943 செப்டம்பரில் வந்த செக் யூதர்களைப் பிர்கெனாவில் குடும்பம் குடும்பமாக, தலைமயிரை மழிக்காமல், தனிப் பிரிவில் வைத்தார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு "சிறப்பு நடவடிக்கை" என்று அவர்களின் பதிவில் குறித்திருந்தது. அந்தச் சொல்லின் பொருள் எழுத்தர்களுக்குத் தெரியும். ஆறு மாதமும் உலையின் புகையை அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாள் நெருங்கியபோது எதிர்த்து எழும்படி கேட்டு, குழந்தைகளைக் கவனித்துவந்த ஃப்ரெடி ஹிர்ஷிடம் தூது போனவர் விர்பா. எழுந்தால் குழந்தைகள் என்ன ஆவார்கள் என்பது ஹிர்ஷின் கேள்வி. அவர் நஞ்சு அருந்திய நிலையில் கிடந்தார். 1944 மார்ச் 8 இரவில் ஏறக்குறைய 3,800 பேர் கொல்லப்பட்டார்கள். கிளர்ச்சி நடக்கவில்லை.

வேலிக்குள் வந்துவிட்டவருக்கு உண்மை தெரிந்தும் செய்வதற்கு எதுவும் இல்லை. வீட்டில் இருப்பவருக்குத் தெரிந்தால் கதவு இன்னும் திறந்திருக்கிறது. விர்பா வெளியே போகத் துடித்ததற்கு இந்த இரவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அடுத்த மாதமே அவர் பலகைக் குவியலுக்குள் இறங்கினார்.

02.02.2024

இனி அறிக்கை எங்கே போயிற்று என்று பார்க்கலாம். இதை எழுதும்போது கோபம் வருகிறது.

ஹங்கேரிய யூதர்களின் மீட்புக் குழுவில் இருந்த ருடால்ஃப் காஸ்ட்னருக்கு ஏப்ரல் இறுதியிலேயே அறிக்கை கிடைத்தது. ஹங்கேரியின் மாகாணங்களிலிருந்து ரயில்கள் புறப்பட்டது மே 15 அன்று. இடையில் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தது. காஸ்ட்னர் அப்போது, நாடுகடத்தலை நடத்திய எஸ்.எஸ். அதிகாரி அடோல்ஃப் ஐக்மானோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். அதன் விளைவாக ஒரு ரயிலில் சுமார் 1,680 பேர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பினார்கள். மறுபக்கம், மாகாண ஊர்களில் இருந்தவர்களுக்கு அறிக்கையின் ஒரு வரி கூடப் போய்ச் சேரவில்லை. ஜூலை 9 வரை ஏறக்குறைய 4,37,000 பேர் அனுப்பப்பட்டார்கள். நாளொன்றுக்குப் பன்னிரண்டாயிரம் பேர் வரை. பெரும்பாலோர் வந்த அன்றே கொல்லப்பட்டார்கள்.

காஸ்ட்னரை துரோகி என்று விர்பா சாகும் வரை சொன்னார். தலைவர்கள் கழுத்தில் கத்தி வைக்கப்பட்ட நிலையில் முடிவெடுத்தார்கள் என்றும், எச்சரித்தாலும் கிழவர்களும் குழந்தைகளும் எங்கே ஓடியிருப்பார்கள் என்றும் யெஹூதா பவர் போன்ற வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஹங்கேரியில் காடுகள் குறைவு, இளைஞர்கள் கட்டாய உழைப்புப் படைக்கு இழுக்கப்பட்டிருந்தார்கள், காவல்படை ஜெர்மானியரோடு கைகோத்திருந்தது. அவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒன்று மிஞ்சுகிறது: ஓட முடியுமா முடியாதா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்த ஊர்களில் இருந்தவர்கள், அவர்களுக்காக வேறு யாரும் தீர்மானித்திருக்கக் கூடாது.

மே 27 அன்று செஸ்லாவ் மோர்டோவிச், அர்னோஷ்ட் ரோசின் என்ற இன்னும் இருவர் ஆஷ்விட்ஸிலிருந்து தப்பினார்கள். ஹங்கேரிய ரயில்கள் வந்துகொண்டே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். ஜூன் 20 அன்று விர்பாவும் மோர்டோவிச்சும் ஸ்வாத்தி யூர் மடத்தில் வத்திக்கான் தூதரகத்தைச் சேர்ந்த மாரியோ மார்ட்டிலோட்டியைச் சந்தித்துப் பல மணி நேரம் பேசினார்கள். அதே நாள்களில், ருமேனியத் தூதரக அதிகாரி ஃப்ளோரியன் மனோலியு கொண்டுவந்த பிரதி ஜெனிவாவில் எல் சல்வடோர் துணைத்தூதரகத்தில் இருந்த ஜார்ஜ் மண்டெல்லோவுக்குக் கிடைத்தது. அவர் தாமதிக்கவில்லை. தணிக்கையையும் மீறி சுவிஸ் பத்திரிகைகளில் சில வாரங்களில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் வந்தன. ஜூன் 25இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், மறுநாள் ரூஸ்வெல்ட், 30இல் சுவீடன் மன்னர் ஐந்தாம் குஸ்தாவ் என ஹங்கேரியின் ஆட்சியாளர் ஹோர்த்திக்கு வரிசையாகச் செய்தி போயிற்று. ஜூலை 2 அன்று அமெரிக்க விமானங்கள் புடாபெஸ்டில் குண்டு வீசின. சில நாள்களில் ஹோர்த்தி நாடுகடத்தலை நிறுத்த உத்தரவிட்டார்.

புடாபெஸ்டில் அப்போது சுமார் இரண்டு லட்சம் யூதர்கள் எஞ்சியிருந்தார்கள். அக்டோபரில் ஹங்கேரியின் நாஜி ஆதரவு அம்புச் சிலுவைக் கட்சி ஆட்சியைப் பிடித்து டான்யூப் கரையில் பலரைச் சுட்டுக் கொன்றது. ஆனாலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரோடு போரின் முடிவைப் பார்த்தார்கள். "தெரிந்ததைத்தானே சொன்னார்கள்" என்று கேட்டவருக்கு என் பதில் இந்த வரிசைதான்.

03.02.2024

குண்டு வீச்சு பற்றி. 1944 ஏப்ரல் 4 அன்று, அதாவது இருவரும் குழிக்குள் இறங்குவதற்கு மூன்று நாள் முன்பு, நேச நாட்டு உளவு விமானம் ஒன்று மோனோவிட்ஸ் தொழிற்சாலையைப் படம் பிடித்தபோது ஆஷ்விட்ஸ் முகாமும் அதில் விழுந்திருந்தது. தொழிற்சாலையைத் தேடியவர்கள் முகாமைப் பார்க்கவில்லை. அறிக்கை வந்த பிறகு, முகாமுக்குப் போகும் ரயில் பாதையைக் குண்டு வீசி அழிக்கக் கேட்ட கோரிக்கைகளை அமெரிக்கப் போர்த் துறை மறுத்தது. ஆகஸ்ட் 20 அன்று அதே மோனோவிட்ஸ் மீது குண்டு விழுந்தது; நச்சுவாயு அறைகள் அங்கிருந்து எட்டு கிலோமீட்டருக்குள்.

11.02.2024

அறிக்கையைச் சொல்லியிருந்தாலும் மக்கள் நம்பியிருப்பார்களா என்ற கேள்வி விடாமல் வந்துகொண்டே இருப்பதால் ஜார்ஜ் க்ளைனைச் சொல்கிறேன். பிற்காலத்தில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் புகழ்பெற்ற உயிரியலாளர் ஆன இவர், 1944இல் புடாபெஸ்ட் யூதப் பேரவையில் வேலை பார்த்த பதின்ம வயது இளைஞர். மேலதிகாரி ஒருவர் அறிக்கையை அவரிடம் படிக்கக் கொடுத்து, நெருங்கிய உறவினருக்கும் நண்பருக்கும் சொல்ல அனுமதித்தார். ஓடிப்போய்த் தன் மாமாவிடம் சொன்னார். மாமாவின் முகம் சிவந்தது; அடிக்கவே வந்துவிட்டார், இப்படிப்பட்ட பிதற்றலை நம்புகிறாயா என்று. மூத்தவர்கள் ஒருவரும் நம்பவில்லை. ஆனால் க்ளைன் நம்பினார். தன்னை ரயிலேற்றும் நேரம் வந்தபோது தப்பி ஓடினார். ஓடினால் சுடுவார்கள் என்பது தெரியும். ஏறினால் என்ன நடக்கும் என்பதும் அறிக்கையால் தெரிந்திருந்தது.

விர்பாவோடு பின்னாளில் இதைப் பற்றி நேரிலேயே விவாதித்தவர் க்ளைன். மக்கள் நம்பியிருக்க மாட்டார்கள் என்பது அவர் பக்கம். நம்பத்தக்க தலைவர்கள் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள் என்பது விர்பாவின் பக்கம். நான் விர்பா பக்கம் சாய்கிறேன். சொன்னவன் பையன், கேட்டவர் பெரியவர். அந்த மாமாவிடம் அதே தாள்களைப் பேரவைத் தலைவர் நேரில் கொடுத்திருந்தால் அவர் கை ஓங்கியிருப்பாரா? க்ளைனின் கதையை விர்பாவுக்கு எதிரான சான்றாக எடுப்பவர்கள், அறிக்கையைப் படித்த ஒருவர் அதனாலேயே பிழைத்தார் என்ற பாதியை விட்டுவிடுகிறார்கள்.

12.02.2024

வெட்ஸ்லரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லாக் கேள்விகளும் விர்பாவை நோக்கியே இருக்கின்றன. விர்பா இங்கிலாந்து வழியாகக் கனடா போய், வான்கூவரில் மருந்தியல் பேராசிரியராக இருந்து, நீதிமன்றங்களிலும் தொலைக்காட்சியிலும் பேசி, 2006இல் இறந்தார். வெட்ஸ்லர் கம்யூனிஸ்ட் ஆட்சியின் கீழ் பிராட்டிஸ்லாவாவிலேயே இருந்துவிட்டார். யோசெஃப் லானிக் என்ற தன் தலைமறைவுப் பெயரில் எழுதினார். 1988 பிப்ரவரியில் காலமானார். அறிக்கையை அமெரிக்க அகதிகள் வாரியம் 1944 நவம்பரில் முழுமையாக வெளியிட்டபோது, பாதுகாப்பு கருதி இருவர் பெயரையும் போடவில்லை. பிறகு பெயர்கள் தெரிய வந்தபோது வெளிநாட்டில் பேசக்கூடிய நிலையில் இருந்தவர் விர்பா ஒருவர்தான். பிணவறைக் கணக்கு, குடில்களின் கணக்கு, கொலைக்கூடத்தில் வேலை செய்தவர்களோடு இருந்த தொடர்பு இவற்றில் பெரும்பகுதி வெட்ஸ்லர் வழியாக அறிக்கைக்கு வந்தது. இனி இந்த இழையில் எழுதுபவர்கள் அதை "விர்பா அறிக்கை" என்று மட்டும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.